துளை போடுபவருக்கு நிறுத்தும் உரிமை உண்டா?

ஓசூர் பக்கத்துப் பாகலூரிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகப் போனால் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் ‘மைன்ஸ் வேலை’க்குப் போன ஊர். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மேலே குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் பேச்சு மட்டும் அவ்வப்போது கிளம்பும். நாளைக்கே யாராவது மறுபடி ஆழத்துக்கு இறங்க நினைத்தால், அவர்களிடம் தருவதற்கு இன்று ஒரு புது நம்பிக்கை தயாராக இருக்கிறது: துளையிடும்போது கிடைக்கும் அளவுகளை வைத்து, எந்த முகப்பு, அதாவது வெட்டு நடக்கும் பாறைச் சுவர், வெடிக்கும் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடும்.

இதன் அடிப்படையில் பொய்யில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் 42 மி.மீ. விட்டத்தில் ஒரு மீட்டர் துளை போட்டால் சுமார் இரண்டு கிலோ தூள் வர வேண்டும். துளையின் கொள்ளளவைக் கணக்கிட்டால் யாருக்கும் கிடைக்கும் எண் அது. ஒவ்வொரு மீட்டருக்கும் தூளைச் சேர்த்துத் தராசில் மாட்டுகிறார்கள். நான்கு, ஐந்து கிலோ என்று ஏறிக்கொண்டே போனால், அழுத்தம் தாங்காமல் சுற்றியுள்ள கரி நொறுங்கித் துளைக்குள் கொட்டுகிறது என்று பொருள். துரப்பணத் தண்டு சிக்கும். துளை வாயிலிருந்து வாயு சீறும். சீன விதிகள் மீட்டருக்கு ஆறு கிலோவை அபாயக் கோடாக வைக்கின்றன. கடும்பாறையில் அடையாளம் வேறு. முழுத் தண்டாக வர வேண்டிய பாறை மாதிரி மெல்லிய வட்டத் தகடுகளாக உடைந்து வந்தால், அங்கே அழுத்தம் எல்லை மீறிவிட்டது. இப்போதைய இயந்திரங்களில் துளையிடும் வேகம், உந்துவிசை, முறுக்கு, அதிர்வு எல்லாமே தானாகப் பதிவாகின்றன. கணினிக்குத் தீனி நிறையவே இருக்கிறது.

கோலாரில் வாயுத் தொல்லை இல்லை, பாறையின் பாரம்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 800 கிலோவுக்கு மேல் பாரம். பழைய ஆவணங்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று குறித்த பாறை வெடிப்புகள் அங்கே வாடிக்கை. 1962 நவம்பரிலும் 1971 டிசம்பரிலும் நேர்ந்தவை பேர்போனவை. 1910களிலேயே அங்கே நிலநடுக்கமானி வைத்தார்கள். 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு நுண்ணதிர்வு வலையமைப்பு வந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே தங்கவயலில் தொடங்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, வெடிப்பின் நாளையும் நேரத்தையும் நம்பகமாகச் சொல்லும் வழி பிடிபடவில்லை. சேதத்தைக் குறைத்தது வேறு: மர முட்டுக்குப் பதில் கருங்கல் சுவர், பிறகு கான்கிரீட் நிரப்பு, எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது என்ற வரிசை மாற்றம். கண்ணுக்குப் பகட்டில்லாத, காசு பிடிக்கும் வேலைகள்.

சரி, கணினி அந்தக் குறையைத் தீர்த்துவிடாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் முறை சோதிக்கிறோம். உண்மையில் அபாயம் இருப்பது இரண்டில் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் கருவி அந்த இரண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும். கூடவே மீதி 998-இல் சுமார் ஐம்பதுக்கும் மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் வேலை நிற்க வேண்டும். மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய வரும்படி போச்சு. டன் கணக்குக் காட்ட வேண்டிய ஒப்பந்தக்காரருக்குத் தலைவலி. ஐந்தாவது மணிக்கே, “அது அப்படித்தான் கத்தும், நீ போடு” என்ற குரல் வந்துவிடும்.

கருவி சரியாகச் சொன்னாலும் கதை மாறிவிடாது. 2004 அக்டோபரில் சீனாவின் ஹெனான் மாகாணத்துத் தாப்பிங் சுரங்கத்தில் வாயு பீறிட்டது. சுமார் அரை மணி நேரம் கழித்துத்தான் அது தீப்பற்றி வெடித்தது. 148 பேர் மாண்டார்கள். மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆட்களை மேலேற்றவும் அந்த அரை மணி நேரம் இருந்தது; அது வீணானது.

ஓசூர்–பாகலூர் சாலைப் பட்டறைகளில் சிஎன்சி இயந்திரத்தின் முன் நிற்கும் பையனுக்கு, லோடு மீட்டர் ஏறும்போதே டூல் உடையப் போகிறது என்று தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அடித்துவிட்டுப் பிறகு சூப்பர்வைசரிடம் காரணம் சொல்வான். ஒரு டூலுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, முகப்பில் துளை போடும் மனிதருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் வழக்கு. தண்டு சிக்குவதையும் தூள் கூடுவதையும் பாறை முனகுவதையும் முதலில் அறிபவர் அவர். சென்சார் அளப்பதும் ஏறக்குறைய அதையேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 176-ஆவது உடன்படிக்கை, கடும் ஆபத்து உண்டென்று நம்பக் காரணம் இருந்தால் சுரங்கத் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்று நேரடியாகச் சொல்கிறது. இந்தியா இதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்து நெருங்குவதாக அஞ்சினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. முதலாளிக்குத் திருப்தியில்லை என்றால் ஆய்வாளரின் முடிவே இறுதி. அந்த முடிவு வரும்வரை தொழிலாளி எங்கே நிற்பது? முகப்பிலா, மேலேயா? பாறை வெடிப்புக்கு அவகாசம் சில நொடிகள் என்பதை இந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, முன்கணிப்பு மென்பொருளை வாங்கும் எந்தச் சுரங்கமும், அதே ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கட்டும். மணி அடித்தால் துளை போடுபவரே வேலையை நிறுத்தலாம். நின்ற நேரத்துக்கு முழுக்கூலி உண்டு. வெடிக்காமல் போனதற்காக யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. மென்பொருளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நின்ற நேரக் கூலி பெரிய தொகையாக இருக்காது. இருந்தால், முதலில் அந்த எண்ணையே பொதுவில் வைக்கலாம்.