முதல் வகுப்பு ஆசிரியரும் பிள்ளையின் வீடும்

“பிள்ளை வளர்ப்புக்கு ஒரு எம்.எஸ்ஸி. பட்டமா?” என்று நம் தில்லித் தமிழன்பர்கள் என்னைக் கேளாத நாளில்லை. பௌதிகம் பயில்வோர் நகைக்கின்றனர். இரசாயனம் பயில்வோர் இரங்குகின்றனர். ஊரிலிருக்கும் என் பாட்டியோ, “எட்டுப் பெற்று வளர்த்தேன், எந்தக் காலேஜுக்குப் போனேன்?” என்கிறாள். பாட்டிக்கு மறுமொழி கூறுவது எளிது. அவள் வளர்த்தவை எட்டும் அவள் வயிற்றில் பிறந்தவை; அவள் மடியில் அவள் மொழியைக் கேட்டு வளர்ந்தவை. முதல் வகுப்பு ஆசிரியையிடம் ஆண்டுதோறும் முப்பது நாற்பது பிள்ளைகள் வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்றன் வீட்டையும் அவள் கண்டதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு, மனித வளர்ச்சியும் குடும்ப இயலும் பயில வந்தவள் நான். இரண்டு படிப்பும் ஒரே பிள்ளையைப் பற்றியவை. ஆயினும் பயிற்சியில் நான் சந்தித்த பிள்ளை காலை மணியடிக்கும்போது தோன்றி, கடைசி மணியடித்ததும் மறைந்துவிடும். பியாஜே, வைகாட்ஸ்கி முதலியோரின் கொள்கைகளைக் கற்றோம். பாடத் திட்டம் எழுதினோம். கரும்பலகையைப் பயன்படுத்தப் பழகினோம். அந்தப் பிள்ளையை யார் உறங்க வைக்கிறார்கள், எந்த மொழியில் அதட்டுகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. இப்போது பயிலும் துறையிலோ, வீட்டுக்குச் சென்று ஒரு மூலையில் அமர்ந்து இவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறோம். ஆனால் நாற்பது பிள்ளைகளை அரை மணி நேரம் அமர்த்திப் பாடம் சொல்லும் வித்தை இங்கே கற்பிக்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்து வைத்தது தவறு என்பதே என் வாதம்.

பயிற்சிக் காலத்தில் ஒரு பள்ளியில் ஏழு வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தியைக் கண்டேன். ஆசிரியை இந்தியில் எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுவார். ‘உன்தீஸ்’ என்றால் 29. இவள் 39 என்று எழுதுவாள். ‘உன்தாலீஸ்’ என்றால் 39. இவள் 49 என்று எழுதுவாள். கணக்கு வராத பெண் என்று பெயராகி, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். மாலையில் அவள் வீட்டு வாசலில் தாய் இட்லிக் கடை போடுகிறாள். தட்டு எண்ணிச் சில்லறை கொடுப்பது இந்தப் பெண்தான். மூன்று தட்டு தொண்ணூறு ரூபாய். இருநூறு கொடுத்தால் மீதி நூற்றுப்பத்து. நான் நின்றிருந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு முறையும் பிசகவில்லை.

அவளுக்கு வராதது கணக்கன்று. தமிழில் ‘இருபத்தொன்பது’ என்னும்போது இருபது முன்னே வருகிறது, ஒன்பது பின்னே வருகிறது. எழுதுவதும் அதே முறைதான். இந்தியில் ‘உன்தீஸ்’ என்பதன் பொருள் முப்பதுக்கு ஒன்று குறைவு. கேட்கும் காதில் ‘தீஸ்’ என்ற முப்பது தங்கிவிடுகிறது. நூறு வரைக்கும் பெரும்பாலான எண்களைத் தனித் தனிச் சொல்லாகவே நெட்டுருச் செய்ய வேண்டிய மொழி அது. அம்மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைக் கேட்டுக் கேட்டே வளர்கின்றனர். (நாம் பெருமை கொள்ள இடமில்லை. நம் ‘தொண்ணூறு’ என்ற சொல்லில் நூறு ஒலிக்கிறதே, அது நூறா?) ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். நல்லவர், இருபது ஆண்டு அனுபவமுள்ளவர். “இவள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்றார். அவர்மேல் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

யூரி பிரான்பென்பிரென்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1979-இல் வெளியிட்ட நூலில், பிள்ளையின் வளர்ச்சி வீட்டில் ஒரு பாதி, பள்ளியில் ஒரு பாதி என்று நடப்பதன்று என்றார். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையேயுள்ள தொடர்பும் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் ஒரு தனிச் சூழலாகும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் இதை ஏட்டில் எழுதுமுன்பே செயலில் காட்டியவர் தாராபாய் மோடக். 1945-இல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில், அனுதாய் வாக் அம்மையாருடன் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று புறப்பட்டார். பின்னர் கோஸ்பாட்டில், மாடு மேய்க்கும் வார்லிப் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. ‘அங்கன்’ என்றால் முற்றம். இன்று நாடெங்கும் வழங்கும் அங்கன்வாடி என்ற சொல்லின் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பலரும் அறிவீர்கள். பி.எட். பட்டம் பெற்றோரும் ஆறு திங்கள் இணைப்புப் பயிற்சி பெறும் நிபந்தனையோடு தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018-இல் பிறந்த அறிவிக்கை செல்லாது என்று ஆயிற்று. நம் நண்பர் சிலர் இதனால் வருந்தினர். அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த விவாதத்தில் நான் மீண்டும் மீண்டும் கேட்ட ஒரு பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை: “பெரிய வகுப்புக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு ‘அ, ஆ’ சொல்லத் தெரியாதா?” தெரியாது, ஐயா. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பது தனித் தொழில். அதைச் சிறு படிப்பு, மதிப்பெண் குறைந்தவர் படிப்பு, பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பு என்று ஒதுக்கி வைத்திருப்பதால்தான், அதற்குரிய பயிற்சியை விரிவாக்க எவரும் முன்வரவில்லை. நம் சங்கத்து ஆண் தோழர்களுள் இப்பயிற்சிக்கு விண்ணப்பித்தவர் எத்தனை பேர்?

சட்டத்தில் குறையில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகச் சந்திக்க வேண்டுமென்கிறது. 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டுமென்கிறது. ஆனால் கூட்டம் நடப்பது பகல் பதினொரு மணிக்கு. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய் அன்றைக் கூலியை விட்டு வரவேண்டும். வந்தாலும் கேட்பது இந்தியில் புகார்.

2025 ஜூன் முதல் நாள், நீதிமன்ற ஆணையின்படி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையிலிருந்த மதராசி முகாம் இடிக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்ட குடிசைகள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தகுதியுடையோர் எனப்பட்டோருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினர். அது 40 கிலோ மீட்டர் அளவில் தொலைவு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது ஒரு பிள்ளையின் இடம் காலியாக இருந்தால், வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றுதான் எழுத முடியும். அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு முறை அமர்ந்த ஆசிரியைக்குத் தாயின் தொலைபேசி எண்ணாவது தெரிந்திருக்கும். எந்தப் பேருந்தில் வரலாம், எந்தப் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று பேசியிருக்கலாம்.

“வாத்தியாருக்கு இதற்கெல்லாம் நேரமேது? தேர்தல் வேலை, மக்கள் தொகைக் கணக்கு, பதிவேடு என்று ஓய்வே இல்லையே” என்பர். உண்மைதான், அந்த வேலைகளைச் சட்டமே விலக்கவில்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள். வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு வீடு, ஒரு மணி நேரம் என்றால் ஆண்டு முடியுமுன் முப்பது வீடும் முடிந்துவிடும். அந்த நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் என்ன பார்ப்பது, எதைக் கேட்காமலிருப்பது என்பதைப் பயிற்சியிலேயே எங்கள் துறையினர் வந்து கற்பிக்க வேண்டும். வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிகளில் இக்கணக்கு செல்லாது. அங்கே, முதல் இரண்டு திங்களில் வாய் திறவாத பிள்ளைகள் யார் யார் என்று குறித்துக்கொண்டு, அவர்கள் வீட்டிலிருந்து தொடங்கலாம்.