வரைபடம் முடிவாகும் முன்னரே பேசுவோம்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி எல்லோருக்கும் கதவைத் திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் உணவு சுமந்து சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெள்ளத்திற்குப் பின் ஓடிவரும் நாம், நீர்வழி எது, குடியிருப்பு எது என்று கோடு கிழிக்கப்படும் வேளையில் எங்கே இருக்கிறோம்?

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026 வரை. அடுத்த திட்டம் 2046 வரைக்கும் உரியது. இன்று தொட்டிலில் உறங்கும் குழந்தை வளர்ந்து ஆளாகும் வரை அதன் சாலையையும் பள்ளிக்கூடத்தையும் மையவாடிக்கான நிலத்தையும் அந்த வரைபடமே தீர்மானிக்கும்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியானதும் எவரும் எழுத்துமூலம் ஆட்சேபமும் ஆலோசனையும் அளிக்கலாம். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. ஊராட்சிகளிலோ ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது.

“நாம் சொன்னால் கேட்கவா போகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். சொன்னதெல்லாம் ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லைதான். ஆனால் எழுதப்படாத மனுவை எவரும் பரிசீலிக்க முடியாது. ஐப்பசி மழையில் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த வாய்க்கால் தூர்க்கப்பட்டது என்பதை அங்கே வாழ்பவரைவிட நன்கறிந்தவர் யார்?

அகழ்ப் போரின்போது மதீனாவைக் காக்க அகழ் தோண்டலாம் என்று ஆலோசனை கூறியவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்றதோடு தாமும் மண் சுமந்தார்கள். ஊரைக் காக்கும் திட்டத்தில் ஊராரின் சொல்லுக்கு இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் வரைவு வெளியானவுடன் தன் பகுதியின் வரைபடத்தைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். மஹல்லாவின் பொறியாளர்கள் அதை எளிய மொழியில் விளக்கட்டும். பெண்களின் கருத்தையும் கேட்டு, அண்டை வீட்டாரான பிற சமயத்தவரோடு சேர்ந்து மனு எழுதட்டும். நம் மையவாடிக்காக மட்டுமன்றி, அனைவருக்கும் பொதுவான ஏரிக்காகவும் அந்த மனு பேசட்டும்.

வெள்ளத்தில் சோறு கொடுப்பது நற்செயல். வெள்ளம் வீட்டுக்குள் புகாமல் காக்க உழைப்பதும் நற்செயலே. இரண்டையும் செய்யும் நல்வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!