பூட்டிய வீடுகளுக்கு இ-பாஸ் உண்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வழவழப்பான நோட்டீஸ். கொடைக்கானலில் 5 சென்ட் மனை, பனிமூட்டத்துக்கு நடுவில் ஒரு மர வீட்டின் படம். செட்டில்மென்ட் பணத்தில் பாதியை அதில் போடலாமா என்று யோசனை.

"நீங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவர். பத்திரத்தைப் பார்த்துச் சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

பார்த்தேன். விவசாய நிலத்தைக் கூறு போட்டிருந்தார்கள். மனைப்பிரிவு அங்கீகார எண் எங்கும் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2016-ல். மலைப் பகுதிக்கு அதற்கு மேல் 'ஹாகா' என்ற குழு 1990 முதல் இருக்கிறது. பெரிய கட்டடம், மனைப்பிரிவு எல்லாம் அதன் பார்வைக்குப் போக வேண்டும். கொடைக்கானலில் விதி மீறினால் என்ன ஆகும் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்குக் கூடுதல் மாடிகள் கட்டக் கொடுத்த சலுகையை உயர்நீதிமன்றம் 1995-ல் ரத்து செய்தது. 2019-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் எத்தனையோ கட்டடங்களுக்கு சீல் வைத்தார்கள். "வேண்டாம் சம்பந்தி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்" என்று வாய் விட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அப்ப நீங்க மட்டும் வச்சிருக்கலாமா?"

நியாயமான கேள்வி. 1998-ல் என் மைத்துனரும் நானும் சேர்ந்து கொடைக்கானலில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். ஒழுங்கான பத்திரம், ஒழுங்கான அனுமதி. வருஷத்தில் நாங்கள் அங்கே இருப்பது பத்து நாள். மீதி நாளெல்லாம் பூட்டு. கூட்டிப் பெருக்க ஓர் அம்மா வருவார், பெருமாள்மலைப் பக்கத்திலிருந்து, பஸ்ஸில். ஊருக்குள்ளேயே குடியிருக்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க எல்லாம் வாங்கின பிறகு எங்களுக்கு எங்க சார் வாடகைக்கு வீடு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பனியையே பார்க்காத பிள்ளைகளுக்கு ஆல்ப்ஸ் மலை, ஷமோனி என்று பாடம் நடத்துவார் வாத்தியார். 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் அது. என்னோடு படித்தவன் ஒருவன் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். அங்கே பனிச்சறுக்குக்காக வருபவர்கள் வாங்கிப் போட்டு, வருஷம் முழுக்கப் பூட்டி வைக்கும் வீடுகளை 'லி ஃப்ருவா' என்பார்களாம், அதாவது குளிர்ந்த படுக்கைகள். விலை ஏறி ஏறி, பஸ் ஓட்டுபவரும் நர்ஸும் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வந்து போகிறார்கள் என்றான். போனில் கேட்டபோது அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது.

பக்கத்து சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். ஓர் ஊரில் இருக்கும் வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்ட இரண்டாவது வீடுகள் கூடாது என்று முடிவானது. ஜெயித்தது மயிரிழையில்தான். ஆனாலும் சட்டமானது.

நாம் என்ன செய்தோம்? 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அடுத்த வருஷம் எண்ணிக்கையும் வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. தப்பில்லை, நெரிசல் அப்படி. ஆனால் வண்டி வந்தால் இரண்டு நாளில் இறங்கிவிடும். வீடு இறங்காது. தண்ணீரும் நிலமும் அதற்கு என்றைக்கும் வேண்டும். வருகிற காரை எண்ணுகிற அரசு, பூட்டிக் கிடக்கும் வீட்டையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரியை இரண்டு மடங்கு போடட்டும், புதிதாகக் கட்ட ஓர் அளவு வைக்கட்டும். முதல் நோட்டீஸ் எனக்கே வரட்டும்.

நம் திருவள்ளூர்ப் பக்கமும் ஏரிக்கரை வரை கல் நட்டுக் கம்பி வேலி போட்ட மனைகள் இருக்கின்றன, ஆடு கூட உள்ளே போக முடியாது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சம்பந்தி அந்த மனையை வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமும் வரவில்லை. என் பெண்ணிடம், "உங்க அப்பா தான் மட்டும் அனுபவிச்சுட்டு ஊருக்கு உபதேசம் பண்றார்" என்றாராம்.

மைத்துனருக்குப் போன் செய்தேன். அந்த வீட்டை அங்கேயே வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு, அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு விடலாம் என்றேன். "குடி வச்சா காலி பண்ண மாட்டாங்க மச்சான். பேரப் பிள்ளைங்க லீவுக்கு எங்க போவாங்க?" என்கிறார். தையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். நேரில் இன்னொரு தடவை கேட்கப் போகிறேன்.