நகக்கண்ணில் எண்ணெய்க்கறை படியாத கடலோடி



பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு நாடு நாடாகச் செல்லும் வெளிநாட்டவரை லங்காவியிலும் லூமுட்டிலும் காணலாம். படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் அடியில் மல்லாந்து படுத்துச் சிப்பி சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் ஓய்வுபெற்ற மருத்துவரும் இருப்பார், வழக்கறிஞரும் இருப்பார். இக்காட்சியைக் கண்டு நம்மவர் சொல்வது இரண்டே. ஒன்று, "கஞ்சத்தனம்." மற்றொன்று, "இவ்வளவு படித்தவருக்கு இந்தக் கூலிவேலை எதற்கு?"

முதற்கூற்று வெறும் அறியாமை. இரண்டாவது அதனினும் கொடியது. கைவேலையை இழிவாக எண்ணும் நம் பழைய நோய் அதில் பேசுகிறது. நிலத்தில் இந்த நோயோடு வாழ்ந்துவிடலாம். காசை நீட்டினால் ஆள் வருவான். நடுக்கடலில் எந்த ஆள் வருவான்?

1968 சூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் புறப்பட்டார். படகின் பெயர் சுஹைலி. நீளம் 32 அடி. இந்தியாவில், பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்டது. எங்கும் நில்லாமல் தனியொருவராக உலகைச் சுற்றும் போட்டி அது. புறப்பட்ட சில வாரங்களிலேயே அட்லாண்டிக் பெருங்கடலில் படகு அளவுக்கு மீறி நீர் வாங்கியது. நீரில் மூழ்கிப் பார்த்தார். படகின் அடிமரமாகிய ஏராவுக்கு அருகில், இருபுறமும், பலகை இடுக்கு நெடுக வாய்பிளந்து நின்றது!

அவர் செய்ததைக் கேளுங்கள். சுறாவின் கண்ணுக்கு வெள்ளுடல் தெரியாதிருக்க நீலச்சட்டையும் கால்சட்டையும் அணிந்துகொண்டார். மூச்சை அடக்கி மீண்டும் மீண்டும் மூழ்கி இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்தார். நம் மீனவர் கலப்பற்று என்று வழங்கும் அதே வேலைதான். அதன்மேல் கித்தான் துணியைப் பொருத்தி, செப்புத் தகட்டை அறைந்தார். இடையில் வந்த சுறாவைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு எஞ்சிய வேலையைத் தொடர்ந்தார். பின்னர் வானொலி செயலிழந்தது. தானாகத் திசைபிடிக்கும் கருவி ஆஸ்திரேலியாவை நெருங்குகையில் உடைந்தது. பாய்களைச் சமன்படுத்தியே படகை நேர்வழியில் ஓட்டினார். 312 நாள்களுக்குப் பின், 1969 ஏப்ரல் 22இல், ஃபால்மவுத்தை அடைந்தார். ஒன்பதின்மர் கலந்துகொண்ட அப்போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே.

"அது அக்காலம் ஐயா! இன்று எல்லாம் மின்னணுக் கருவி, ஆபத்தென்றால் பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும்," என்பார் உளர். அதே போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் இருந்தார். மின்னணுவியல் வல்லுநர், அறிவில் குறைந்தவர் அல்லர். தம் படகு கவிழ நேர்ந்தால் பாய்மர உச்சியில் காற்றுப்பை தானே ஊதிக்கொள்ளும், அதனைக் கணினி இயக்கும் என்று திட்டமிட்டார். கம்பிகள் படகெங்கும் ஓடின. அவை சென்றுசேரக் கணினிதான் இல்லை! நீரை இறைக்க வேண்டிய குழாய்கூடப் படகில் ஏற்றப்படவில்லை. பொய்யான இருப்பிடச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த அவர் திரும்பவேயில்லை. 1969 சூலையில் ஆளற்ற படகு மட்டுமே கிடைத்தது. அறிவாளி என்பதும், படகில் உள்ளதைத் தன் கையால் சரிசெய்யும் நிலையில் இருக்கிறான் என்பதும் வெவ்வேறு.

பொத்தானை நான் பழிக்கவில்லை. 2018 செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு அசையவியலாமல் கிடந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியைப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. பொத்தான் இருப்பது அத்தகைய இடருக்கு. ஆனால் எரிநெய் வடிகட்டியை மாற்றத் தெரியாததற்காக அழைக்கலாமா? மீட்கச் செல்பவனும் அதே அலையில்தான் உயிரைப் பணயம் வைக்கிறான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

உண்மையில் பெரும்பான்மைப் பழுதுகள் மேதைமை கேட்பவை அல்ல. டீசல் இயந்திரம் திடீரென நிற்கிறதா? முதலில் ஐயுற வேண்டியது எரிநெய்யில் கலந்த அழுக்கையும் காற்றையும். நம் வெப்பமண்டலத்தில் தொட்டியின் அடியில் நீர் தேங்கினால், எரிநெய்யும் நீரும் சேருமிடத்தில் நுண்ணுயிர் பெருகிக் கூழ்போல் படியும். வடிகட்டியை மாற்றி, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி அடங்கும்வரை கையால் எரிநெய்யைச் செலுத்தினால் இயந்திரம் உறுமும். இயந்திரம் சூடேறுகிறதா? கடல்நீரை இழுக்கும் இம்பெல்லர் எனும் ரப்பர்ச் சுழலியைப் பாருங்கள். இதழ் உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு நிற்கக்கூடாது. உடைந்த துண்டைத் தேடி எடுக்க வேண்டும். இல்லையேல் அது குளிர்விக்கும் குழாயின் வாயை அடைத்துவிடும். கூலியாள் அவசரத்தில் இதை விட்டுவிடக்கூடும். படகில் உறங்குபவன் விடமாட்டான்.

கடல்நீர்க் குழாய்ப் பொருத்தில் வெண்கலத்துக்குப் பதில் மலிவான பித்தளை இருந்தால், நாளடைவில் துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும்; தட்டினால் நொறுங்கும். ஒவ்வொரு பொருத்தின் அருகிலும் கூம்பு வடிவ மரத்தக்கையொன்றைக் கட்டித் தொங்கவிடுவது பழங்கடலோடிகளின் வழக்கம். விலை சில வெள்ளி. காப்பது படகை!

எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எரிநெய் ஊசியைச் செப்பனிடுவதும் எரிவாயு இணைப்பும் தேர்ந்தவர்க்குரியவை. ஆனால் அவர் செய்கையில் பக்கத்தில் நின்று பார்க்கவாவது வேண்டாமா?

எனக்குச் சினம் மூட்டுவது வேறொன்று. சில படகுத்துறைகள் உரிமையாளர் தம் படகில் தாமே வேலை செய்வதைத் தடைசெய்கின்றன. அடிப்பூச்சுத் தூசி நச்சு என்பது மெய்தான். அதற்கு முகமூடியும் திரையும் கட்டாயமாக்கலாமே! சுத்தியலைப் பிடிக்கவே தடை எதற்கு? கட்டுவோரும் குறைந்தவரல்லர். இயந்திரத்தை அலமாரிகளுக்குப் பின்னால் ஒளித்து, கருவிகளைத் திறக்கவியலாப் பெட்டிகளில் அடைத்து, "பழுதானால் முழுதாக மாற்றுங்கள்" என்கின்றனர். எங்கு மாற்றுவது? சாகோஸ் தீவுக்கூட்டத்திலா?

படகு வாங்க எண்ணுவோர் விற்பவரிடம் மெத்தையின் நிறத்தைக் கேட்க வேண்டாம். இம்பெல்லரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவரால் அங்கே கையை நுழைக்க முடியாவிட்டால் உங்களாலும் முடியாது.