வாஷிங்டன் மரம் வெட்டிய கதை: ஒரு மறுப்பு

பெரியோர் வரலாறு கூறப் புகுவார், நிகழாதனவற்றை நிகழ்ந்தனவாகப் புனைந்துரைத்தல் எந்நாட்டினும் காணப்படுவதொன்று. அவற்றுள்ளும், வாய்மையைக் கற்பித்தற்கென்றே ஒரு பொய் கட்டப்படுமாயின், அஃது எத்துணை இழுக்குடைத்தென்பது சொல்லாமே அமையும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற்றலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் இளமையில் செர்ரி மரத்தை வெட்டினார் என்னும் கதை அத்தகையதேயாம்.

ஆறாண்டுச் சிறுவர் தம் கைக்கோடரியால் தந்தையார் போற்றி வளர்த்த செர்ரி மரத்தைச் சிதைத்தாரென்றும், தந்தையார் வினவியவழிப் பொய் கூற மாட்டாமையின் தம் செயலை ஒப்பினாரென்றும், தந்தையார் சினம் நீங்கி அவரைத் தழுவி மகிழ்ந்தாரென்றும் அக்கதை கூறும். காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவையுள் எதனால் இது நிறுவப்படும் என்று ஆராய்க.

காட்சியால் நிறுவலாமோ எனின், ஆகாது. நிகழ்ச்சிக்கு உரிய இருவருள் தந்தையார் 1743-இல் இறந்தார். இதுபற்றி அவர் எழுதிய குறிப்பு யாதும் கிடைத்திலது. மைந்தரோ கடிதங்களும் நாட்குறிப்புகளும் மிகப் பல எழுதி வைத்தவர். அவற்றுள் ஓரிடத்தும் இக்கதை இல்லை.

கருதலும் இதற்குத் துணை செய்யாது. வாஷிங்டன் பிறந்தது 1732-இல். ஆதலின் நிகழ்ச்சி 1738-ஐ ஒட்டியதாதல் வேண்டும். மேசன் லாக் வீம்ஸ் என்பார் 1800-இல் வெளியிட்ட சரிதத்தின் முதற்பதிப்பில் இக்கதை காணப்படவில்லை; 1806-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே முதன்முதல் தலை காட்டுகின்றது. 68 ஆண்டுகள் எவரும் அறியாதிருந்த செய்தி, பதிப்புப் பெருகப் பெருக முளைத்தெழுந்ததாயின், அதன் பிறப்பிடம் யாதென்பது வெளிப்படை.

இனி எஞ்சியது உரை. உரையளவையாவது மெய்யுணர்ந்து மெய்யே கூறுவாரது மொழி. வீம்ஸ் சமய குருவும் புத்தக வணிகருமாவர். வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-இல் மறைய, அடுத்த சனவரியிலேயே அவர் ஒரு பதிப்பாளர்க்குக் கடிதம் எழுதி, மக்கள் அவர் வரலாற்றைப் படிக்க வாய்திறந்து நிற்கின்றனர் என்று விற்பனைக்கு வழி கூறினார். அந்நூலின் முகப்பில் தம்மை 'மவுண்ட் வெர்னன் பங்கின் முன்னாட் குரு' எனப் பொறித்துக்கொண்டார். அப்பெயருடைய பங்கொன்று இருந்ததேயில்லை. இக்கதைக்கு அவர் காட்டும் சான்றோ, பெயர் கூறப்படாத ஒரு மூதாட்டியார். இத்தகையார் மொழி உரையளவையாதல் யாங்ஙனம்?

"நிகழவில்லை என்றற்குச் சான்று யாது?" என்பாரும் உளர். உண்டென்று கூறுவார் மேலதே அதனை நிறுவும் கடன் என்பதை அவர் அறியார்.

"குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் மெய்யின் பாற்படும் என வள்ளுவனார் கூறினாரன்றோ?" என்று வினவுவாரும் உளர். அது கேடோ சாவோ எய்த நின்றதோர் உயிர் அதனின் நீங்குதலைக் கருதியதென்று பரிமேலழகர் விளக்கினார். ஈண்டு எவ்வுயிர் காக்கப்பட்டது? நன்மைதானும் குற்றமற்றதன்று. என்னை? இக்கதையால் வாய்மை கற்ற சிறுவன், வளர்ந்தபின் அது பொய்யென்று அறியுங்கால், கதையை மட்டுமோ ஐயுறுவன்? கற்பித்த ஆசிரியரையும், அவர் கற்பித்த அறத்தையும் ஒருங்கே ஐயுறுவன். பொய் விதைத்து மெய் அறுவடை செய்தல் எஞ்ஞான்றும் இல்லை.

அன்றியும், இப்பொய் மெய் வரலாற்றையும் மறைக்கின்றது. போரில் வென்ற வாஷிங்டன் 1783-இல் படைத்தலைமையைத் துறந்ததும், மூன்றாம் முறை நாட்டின் தலைமை வேண்டாவென 1796-இல் விலகியதும் ஐயமற நிறுவப்பட்டவை. அடிமைகளை உடைமையாகக் கொண்டு வாழ்ந்த அவரது குறையும் அங்ஙனமே நிறுவப்பட்டது. தமக்கு உரியரான 123 பேரையும் தம் மனைவியார் காலத்தின்பின் விடுவிக்குமாறு 1799-இல் இறுதி முறி எழுதினார். தம் வாழ்நாளில் விடுவித்தாரல்லர். மரத்துக்குச் செய்த தீங்கை விரித்துரைப்பார், மக்களுக்குச் செய்த தீங்கைக் கூறாது விடுதல் என்ன முறை?

பெரியோர்தம் குணமும் குற்றமும் உள்ளவாறே உரைத்தலே சிறுவர்க்கு வாய்மை கற்பிக்கும் நெறியாம். அதனைக் கைவிட்டு வீம்ஸின் கதையைப் பாடமாக்குவார், பொய்யாமையைப் பொய்யால் போதிப்பவரேயாவர் என்க.