வாடகை லோரியும் தவணை லோரியும் வரிக் கணக்கில் ஒன்றல்ல

2025 ஜூலை 1 முதல் வாடகை, லீசிங் சேவைகளுக்கு 8 விழுக்காடு சேவை வரி நடப்புக்கு வந்தபோது, நம்மவர் பேச்சு பெரும்பாலும் கடை வாடகையைச் சுற்றியே இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியையும் கடையில் இருக்கும் ஃபோட்டோஸ்டாட் இயந்திரத்தையும் மாத வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் அதே வரிதான் என்பது பலருக்குப் பில் வந்த பிறகே தெரிந்தது.

உண்மையில் சிக்கல் அதற்கும் முந்தியது. கையெழுத்துப் போட்ட தாள் தவணைக் கொள்முதலா, வாடகையா என்பதே பலருக்குத் தெரியாது. "மாசம் இவ்வளவு கட்டணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வருமான வரி வாரியமோ இரண்டையும் முற்றிலும் வேறாகப் பார்க்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோரியின் விலை 120,000 ரிங்கிட், முன்பணம் 12,000. மீதி 108,000 ரிங்கிட்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை 2,160 ரிங்கிட். ஆண்டுக்கு 25,920. இதை அப்படியே செலவில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. அதில் செலவாகக் கழிக்கக்கூடியது வட்டி மட்டுமே, தோராயமாக 4,320. மீதமுள்ள அசலுக்கு மூலதனக் கழிவு என்ற தனி வழி இருக்கிறது. வங்கிக் கடன் தீராவிட்டாலும், தவணைக்கு வாங்கியவரையே உரிமையாளராக வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. முதல் ஆண்டில் 12 தவணையும் கட்டியிருந்தால் முன்பணமும் அசலும் சேர்த்து 33,600 ரிங்கிட். லோரிக்குத் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 20 விழுக்காடு. ஆக 13,440. வட்டியோடு சேர்த்து அந்த ஆண்டு கழிக்கக்கூடியது 17,760 ரிங்கிட்தான். மிச்சம் எங்கும் போய்விடாது, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். ஆனால் முழுத் தவணையையும் எழுதியவர் வரித் தணிக்கையில் சிக்கினால், குறைத்துக் கட்டிய வரியோடு அபராதமும் சேரும்.

அதே லோரி மாதம் 2,600 ரிங்கிட் வாடகை என்றால், தொழிலுக்கே பயன்படும் வரை 31,200 ரிங்கிட்டும் அந்த ஆண்டின் செலவுதான். மூலதனக் கழிவு கிடையாது. 2025இல் இருந்த 8 விழுக்காடு வரிப்படி மாதம் 208 ரிங்கிட் கூடியிருக்கும். ஜி.எஸ்.டி. காலத்தில் பதிவு செய்த வணிகர் கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். சேவை வரியில் அந்த வழி இல்லை.

எல்லா வாடகைக்கும் இந்த வரி விழாது. வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கான பதிவு வரம்பு, அறிவிப்பு வந்த அதே மாதத்திலேயே 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தப்பட்டது. கடன் போன்ற நிதி லீசிங்குக்கு விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை குறைவாக உள்ள சிறு தொழிலர் வாடகைக்கு எடுத்தாலும் விலக்கு உண்டு. அதை வாடகைக்கு விடுபவரிடம் நாம்தான் தெரிவிக்க வேண்டும். கேட்காதவருக்கு பில் வரியோடுதான் வரும். வரம்புகள் மாறக்கூடியவை, ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சுங்கத்துறையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

"வாடகை" என்று தலைப்பிட்டாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். கடைசியில் சந்தை விலைக்கும் குறைவாக அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், 1986ஆம் ஆண்டின் லீசிங் விதிமுறைகள்படி அது விற்பனையாகவே கருதப்படும். சொந்தக் காரை லீசிங்கில் எடுத்தால் உச்சவரம்பைத் தாண்டலாம் என்று சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். வணிக உரிமம் இல்லாத வாகனத்தின் வாடகைக்கும் 50,000 ரிங்கிட்தான் வரம்பு. விலை 150,000 ரிங்கிட்டைத் தாண்டாத புதிய கார் என்றால் 100,000.

பெரிய நிறுவனங்கள் 2019 முதல் வாடகைக் கடப்பாட்டையும் கடனைப்போல் கணக்கேட்டில் காட்ட வேண்டியுள்ளது. நம்மவரின் சிறிய செண்டிரியான் பெர்ஹாட்கள் பின்பற்றும் தனியார் நிறுவனக் கணக்கு விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. கணக்காளர் பெரிய நிறுவனத்தைப்போல் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தோட்டத்தில் போக்குவரத்துக் குத்தகை எடுப்பவர் வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பேன். தோட்டம் தரும் குத்தகை ஓராண்டு, லோரித் தவணை ஐந்தாண்டு என்றால், குத்தகை கைவிட்டுப் போன பிறகும் நான்காண்டு தவணை நிற்கும். அத்தகையவருக்கு, மாதம் சேவை வரி கூடுதலாகப் போனாலும், பாதியில் திருப்பிக் கொடுக்க இடம் தரும் வாடகையே பாதுகாப்பு. குத்தகை நிலையானது, லோரியைப் பத்தாண்டு ஓட்டப்போகிறோம் என்பவருக்குத் தவணையே லாபம். எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.