காகிதம் இல்லையென்றால் உரிமையும் இல்லையா?

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு கொடுத்த நம் மக்களிடம் ஒரே கவலையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "கொடுத்த ஆதாரம் போதுமா? பழைய சீட்டு எதுவும் இல்லையே, தள்ளிவிடுவார்களோ?" 2023 ஜனவரியில் தமிழக அரசு இந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. கூலிக்குப் போக முடியாத வீட்டில் மாத்திரையும் மளிகையும் அந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும்.

ஆதாரம் ஏன் இல்லாமல் போகிறது? கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் அடிபட்டவரைப் பல நேரம் முதலில் கொண்டுபோவது கட்டு வைத்தியரிடம். அங்கே கேஸ் ஷீட் கிடையாது. அரசு மருத்துவமனைக்குப் போனாலும், கூட வரும் மேஸ்திரி "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடுகிறது. அந்த ஒரு வரி, முதலாளியிடம் கேட்க வேண்டிய இழப்பீட்டையும் பலவீனப்படுத்துகிறது. மிஞ்சிய எக்ஸ்ரே ஒழுகும் காலனி வீட்டில் எத்தனை மழைக்குத் தாங்கும்? இதை அலட்சியம் என்று சொல்லக்கூடாது. எங்கே உழைப்பது, எங்கே குடியிருப்பது என்பதைச் சாதி தீர்மானித்ததன் விளைவு இது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கை, கால் குறைபாட்டில் மருத்துவர் அளப்பது உடலின் இன்றைய நிலையை. பழைய சீட்டு துணைதான். அது இல்லை என்பதற்காகப் பரிசோதிக்காமலே திருப்பி அனுப்பினால் நாம் கேள்வி கேட்க வேண்டும். மனநோய் போன்றவற்றில் சிகிச்சைப் பதிவு முக்கியம். அந்தச் சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது, எல்லாக் குறைகளையும் சொல்ல வேண்டும். உரிமைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு எல்லை. காலுக்கு 30 மட்டும் கிடைத்தால் அந்த எல்லையைத் தொட முடியாது. அவருக்கே காது கேட்பதிலும் 20 விழுக்காடு குறைபாடு இருந்து இரண்டையும் பதிவு செய்தால், அரசு வகுத்த கணக்கீட்டுமுறைப்படி மொத்தம் சுமார் 43 வரும். வெறும் கூட்டலில் 50 வராது. ஆனால் எல்லையைத் தாண்டிவிடும். வெட்கப்பட்டோ பயந்தோ ஒன்றை மறைத்தால் இரண்டையும் இழக்க நேரும்.

மூன்றாவது, "போய்ட்டு அப்புறம் வா" என்ற வாய்மொழியை முடிவாக ஏற்கக்கூடாது. குறைபாடு இல்லை என்றால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 58. அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 59. கையில் எழுத்து இருந்தால்தான் மேல்முறையீடு நிற்கும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வரக்கூடாது.

வன்கொடுமையில் உடல் ஊனமானவர்களுக்கு இந்த விழுக்காடு இன்னும் கனமானது. 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி 50 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் 2.5 லட்சம், அதற்கு மேல் 4.5 லட்சம், முழு ஊனம் என்றால் 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம். முதல் பாதித் தொகையை விடுவிக்கவே மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும் அறிக்கையும் தேவை. ஆகவே அடிபட்ட அன்றே காயச் சான்றில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் படித்தவர் ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

இங்கேதான் மாணவர்களின் உதவி வேண்டும். உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், இருக்கிற சீட்டுகளைப் படமெடுத்துக் கொடுங்கள். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மனு எழுதிக்கொடுத்து, முகாம் நாளில் கூடவே போங்கள். தனியாகப் போகிறவரைத் திருப்பி அனுப்புவது எளிது. சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்கும் ஒருவர் பக்கத்தில் நின்றால் அது அத்தனை எளிதல்ல.